வசந்தமணி வரையாத வரைபடம்

வசந்தமணி மேடம் இறந்துவிட்டார் என்று சொல்லக் கூப்பிட்டவர், அதே மூச்சில் என்னிடம் ஒரு வரைபடம் கேட்டார். நான் சேந்தமங்கலத்தில் நாமக்கல் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். “ஹார்ட் அட்டாக்குங்க சார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சுங்க” என்றார் எங்கள் கல்லூரி அலுவலக ஊழியர். “சார், லைன்ல இருக்கீங்களா? வெள்ளிக்கிழமை இரங்கல் கூட்டமுங்க. மேடம் போட்ட ஓடை மேப்பு உங்க கம்ப்யூட்டர்லதான இருக்குது? பெருசா ஒரு பிரிண்டு வேணுமாமுங்க.” வந்த பஸ்ஸில் ஏறாமல் அங்கேயே நின்றேன். அழுகை வருவதற்கு முன்னால் கோபம் வந்தது.

நான் பிரிண்டு கொடுக்கவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமை மேடையில், மாலை போட்ட அவர் புகைப்படத்துக்குப் பக்கத்தில், அந்த வரைபடம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. எங்கிருந்தோ வாங்கிவிட்டார்கள். அடியில் ‘பேராசிரியர் வசந்தமணியின் சாதனை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பத்து வருஷமாக அவருடைய கடிதங்களுக்கு ஒரு வரி பதில் போடாத அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வரைபடத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நான் பின்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும், அவரிடம் படித்தவர்களுக்கும், அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கும் சொல்கிறேன். அந்த வரைபடத்தை வசந்தமணி வரையவில்லை. நான் வரைந்தேன். அவர் அதில் தன் பெயர் வரக்கூடாது என்று சண்டை போட்டவர். செத்த பிறகு அவர் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே கல்லூரியில் புவியியல் துறையில் வேலை பார்த்தோம். அவருக்கு நிலத்தோற்றம், எனக்குக் கம்ப்யூட்டர். தொண்ணூற்றெட்டு வாக்கில் கொல்லிமலை அடிவாரத்து ஓடைக்கரைகளில் வெள்ளம் எங்கே ஏறும், எங்கே ஏறாது என்று வரைபடம் போட்டுத் தரும்படி ஓர் அரசு அலுவலகம் எங்களைக் கேட்டது. கரும்பாறை ஓடையிலிருந்து தொடங்கினோம். மேடுபள்ளம் காட்டும் பழைய டோப்போ ஷீட்டு, வான்படம், செயற்கைக்கோள் படம் மூன்றையும் மேஜையில் பரப்பிக்கொண்டு, துறைக்கு அப்போதுதான் வந்திருந்த ஒற்றைக் கம்ப்யூட்டரில் நான் கோடு கோடாக ஏற்றுவேன். அவர் வெயிலில் நடப்பார். “உங்க ஏசி ரூமுக்கும் என் செருப்புக்கும் நடுவுலதான் சார் உண்மை இருக்குது” என்பார். ஏசி அறை என்றதே கேலிதான். ஒரு மேஜை விசிறிதான் இருந்தது, அதுவும் கம்ப்யூட்டரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

மலையையே படித்தவருக்கு மலைப்பாதை ஆகாது. எழுபது கொண்டை ஊசி வளைவில் இருபதாவது வருவதற்குள் முகம் வெளிறிவிடும். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை கண்டக்டர், “ஏனுங்க மேடம், இத்தன செரமப்பட்டு மேல என்னத்துக்குங்க வாரீங்க?” என்று கேட்டார். “உங்க ஊருத் தண்ணி எங்க ஊருக்கு எப்பிடி வருதுன்னு பாக்கத்தான். நீங்க வளைவுல மெதுவா ஓட்டச் சொல்லுங்க, நான் வாந்தி எடுத்தா அதுவும் கீழதான் வரும்” என்றார். பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, அடுத்த வளைவு வந்துவிட்டது.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். பேளுக்குறிச்சிச் சந்தை நாளில், மலையிலிருந்து மிளகும் வாழைத்தாரும் இறக்குகிறவர்களும் கீழ்க்காட்டு விவசாயிகளும் ஒரே இடத்தில் கூடுவார்கள். வசந்தமணி அங்கே ஒரு சாக்கை விரித்து, அதன்மேல் வரைபடத்தை விரித்து உட்கார்ந்துவிடுவார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரே கேள்விதான்.

“ஏனுங்க, உங்க கெணறு தோண்டறப்ப என்ன கல்லு வந்துச்சுங்க?”

“கல்லு கல்லாட்டத்தான் இருந்துச்சுங்க.”

“உருண்டையா, ஒடசலா?”

“உருண்டைங்க அம்மிணி. கொழவிக்கல்லாட்டம். அதுக்குள்ளாறதான் நல்ல தண்ணி.”

உடைசல் கல் அந்த இடத்துப் பாறையிலிருந்து வந்தது. உருண்டைக் கல்லைத் தண்ணீர்தான் மலையிலிருந்து உருட்டிக்கொண்டு வந்திருக்க முடியும். உருண்டைக் கல் வந்த கிணற்றுக்கெல்லாம் படத்தில் ஒரு புள்ளி வைத்தார். சில மாதங்களில் புள்ளிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓடையைவிட்டு வெகுதூரம் தள்ளி, அகலமான ஒரு தடமாகச் சேர்ந்தன. மலையைவிட்டு இறங்குகிற ஓடை தான் கொண்டுவந்த கல்லையும் மண்ணையும் விசிறிபோல விரித்துப் போடும். அந்த விசிறிக்குள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தடம் மாறும். “ஓடை படுக்கற பாய் முழுக்க ஓடைக்குத்தாங்க சொந்தம். இன்னிக்கு ஒரு ஓரமாப் படுத்திருக்குதுன்னு மிச்சப் பாயில ஊடு கட்டிக்க முடியுமா?” இதை வகுப்பிலும் சொல்வார், அலுவலகத்திலும் சொல்வார்.

கொல்லிமலைமேல் இருக்கும் பெரக்கரை நாட்டிலிருந்து மிளகு கொண்டுவந்த ஒருவர் அந்தச் சாக்கருகே குந்திப் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு, “மேல எங்க காட்டுல மழை புடிச்சா கீழ உங்களுக்கு வெய்யிலடிக்கும். வானத்தப் பாத்துட்டு ஓடையில எறங்கீராதீங்க சாமி” என்றார். வசந்தமணி அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “இதத்தான் சார் நான் டாக்டர் பட்டத்துக்கு ஒரு அதிகாரம் பூரா எழுதுனேன். இவரு மிளகு நிறுத்துக்கிட்டே சொல்லிட்டாரு.”

அந்த உருண்டைக்கல் தடத்தின் நடுவில் ஒரு காலனி இருந்தது. அதைப் பார்த்த அன்று அவர் முகம் போன போக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. சமதளமான இடம், யாருக்கும் பட்டா இல்லாத புறம்போக்கு என்று அரசாங்கமே அளந்து கொடுத்து, வரிசையாக வீடு கட்டித் தந்திருந்தது. ஓடை விட்டுப்போன பழைய படுக்கை. அதனால்தான் அது சமதளம், அதனால்தான் யாரும் அதை உழவில்லை. முதல் வீட்டில் ராசம்மாள் என்பவர் கிழங்கு காயப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கணவர் முத்துசாமிக்கு லாரியில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே வராது, கட்டிலில் படுத்திருந்தார். வசந்தமணி பக்குவமாகத்தான் சொன்னார், இது ஓடை திரும்பி வரக்கூடிய இடம் என்று.

“தெரியாதுங்களா அம்மிணி? கடக்கால் தோண்டறப்பவே மணலா வந்துச்சு” என்றார் ராசம்மாள். “நல்ல எடத்த எங்களுக்கு எவன் குடுப்பான்? நீங்க வாங்கித் தாரீங்களா?”

திரும்பி வரும்போது வசந்தமணி வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். “படத்துல ஆபத்துன்னு சிவப்பு அடிச்சாத்தான் மாத்து எடம் கேக்க அவங்களுக்கு ஒரு காகிதமாச்சும் கெடைக்கும். அந்தக் காலனி முழுக்கச் சிவப்புல வரோணும் சார். அது ஒண்ணுதான் நம்மளால முடியும்.” அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் அவர் அத்தனை கிணறுகளுக்கு நடந்தார்.

அதைக் கெடுத்தவன் நான். எப்படிக் கெடுத்தேன் என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

அவர் கையால் வரைந்த படத்தை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனோம். அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என்னங்க மேடம், சிவப்பு மை கொட்டுனாப்பல கெடக்குது? ஓடை இங்க இருக்குது, சிவப்பு எங்கியோ போகுது. நாளைக்கு ஒருத்தன் எங்க ஊடு என்னத்துக்கு உள்ள வந்துச்சுன்னு கேட்டா நான் கெணத்துக் கல்லக் காட்டறதா? ஓடைக்கு ரெண்டு பக்கமும் சமமா ஒரு அளவு வெச்சுக் கோடு போடுங்க. அளந்து காட்டலாம், எவனும் கேள்வி கேக்க மாட்டான்.” வசந்தமணி முடியாது என்று எழுந்து போய்விட்டார். நான் உட்கார்ந்திருந்தேன்.

ஓடையின் கோட்டைக் காட்டி இத்தனை மீட்டர் என்று சொன்னால், கம்ப்யூட்டர் இருபுறமும் ஒரே அகலத்தில் பட்டை போட்டுவிடும். எங்கள் துறையில் அதற்கு பஃபர் என்று பெயர். நாலு விசையைத் தட்டினேன். வேட்டிக் கரை போல அழகாக, சிவப்பாக, நேர்த்தியாக வந்தது. சொன்னால் வெட்கக்கேடு, எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு பெண் செருப்புத் தேய நடந்து போட்ட கோணல்மாணல் கோட்டைவிட, என் இயந்திரம் போட்ட வழவழப்பான கோடுதான் விஞ்ஞானம் என்று நான் உண்மையாகவே நம்பினேன். காலனி பட்டைக்கு வெளியே விழுந்தது. வெளியே இருப்பதெல்லாம் பச்சை. பச்சை என்றால் பாதுகாப்பு.

படத்தைப் பார்த்ததும் வசந்தமணி துறைக்கே கேட்கும்படி கத்தினார். “இது ஓடையோட கோடு இல்ல சார், உங்க சோம்பேறித்தனத்தோட கோடு! வேற ஊர்ல, வேற ஆத்துக்கு இது சரியா இருக்கலாம். மலையடியில இது கொலை.” நான் அவரோடு விதண்டாவாதம் பண்ணினேன். மனித உணர்ச்சி கலக்காத முறை என்று பெரிய பேச்சுப் பேசினேன். படத்தின் மூலையில் பெயர் போடும் கட்டத்திலிருந்து தன் பெயரை அடித்துவிட்டு வெளியே போனார். அதையே சாக்காக வைத்து நான் என் பெயரையும் போடவில்லை. ‘புவியியல் துறை’ என்று மட்டும் போட்டு அனுப்பினேன். பின்னால் அலுவலகத்தில் யாரோ, அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அவருடையதுதானே என்று, வசந்தமணி பெயரை அவர்களாகவே அச்சிட்டுக்கொண்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து ஓர் ஐப்பசி மதியம் ஓடை வந்தது. கீழே நல்ல வெயில், ஒரு சொட்டுக்கூட விழவில்லை. மலைமேல் மூன்று நாளாகப் பிடித்த மழை. உருண்டு வந்த பாறைகள் ஓடையின் வாயை அடைக்க, தண்ணீர் பழைய தடத்தில் திரும்பிக் காலனிக்குள் புகுந்தது. மற்றவர்கள் ஓடித் தப்பினார்கள். ராசம்மாள் கடைக்குப் போயிருந்தார். முத்துசாமியால் ஓட முடியாது.

மறுநாள் காலை நாங்கள் இருவரும் போனோம். என் பட்டைக்குள் சேறே இல்லை. பட்டைக்கு வெளியே, பச்சை அடித்த இடத்தில், இடுப்பளவு கல்லும் மணலும் கிடந்தன. அவர் புள்ளி வைத்த கிணறுகளின் வழியே பிசகாமல் போயிருந்தது தண்ணீர். வசந்தமணி அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒவ்வொரு சுவரிலும் சேறு ஏறிய உயரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டே வந்தார். ஒரே ஒரு தடவை நின்று, “தண்ணி உங்க படத்தப் பாத்துட்டு வரலீங்களே சார்” என்றார். குரல் உயரவே இல்லை. அந்தச் சொல்லுக்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம்.

இடிந்த வீட்டின் முன்னால் ராசம்மாள் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நேரே வசந்தமணியிடம் வந்தார். “அம்மிணி, நீங்க படம் போட்டீங்களே, அதுல எங்க ஊடு என்ன நெறங்க?”

நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்ல வேண்டியவன் நான்.

“பச்சைங்க” என்றார் வசந்தமணி.

ராசம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இனிமேப்பட்டு இந்தப் பக்கம் வராதீங்க” என்று சொல்லித் திரும்பிக்கொண்டார். வசந்தமணி தலையாட்டிவிட்டு நடந்தார். நானும் பின்னால் நடந்தேன்.

பஸ்ஸில், ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா எல்லாரும் உங்களத் திட்டிட்டு, மனசாறி ஊட்டுக்குப் போயிருவாங்க. கோடு அப்பிடியேதான் இருக்கும். எனக்குக் கோடு மாறோணும். உங்களத் திட்டறது எனக்கு ஒரு நாள் பொழப்பு, அவங்களுக்கு அங்கதான் சார் பொழப்பே” என்றார். கொஞ்சம் தூரம் போன பிறகு, “நீங்களே ஒருநாள் போய்ச் சொல்லுங்க. அது உங்க வேலை” என்றார். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

கோடு மாறவில்லை. ‘அபாயப் பகுதிக்கு வெளியே நிகழ்ந்த எதிர்பாராத சம்பவம்’ என்று அறிக்கை எழுதிக் கோப்பை மூடினார்கள். எதிர்பாராத! சந்தையில் சாக்கு விரித்து உட்கார்ந்து எதிர்பார்த்தவரின் படம் அதே கோப்பில் மடித்துக் கிடந்தது. காலனியை அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள். படத்தில் பச்சையாயிற்றே. வசந்தமணி கடிதம் எழுதினார், நேரில் போனார், வாசலில் காத்திருந்தார். ‘ஏற்றுக்கொள்ளப்பட்ட வரைபடம் ஏற்கெனவே உள்ளது’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். எழுத்தில் தரக்கூட அவர்களுக்குத் துணிச்சல் இல்லை.

பிறகு சுனாமி வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பதுபோல, எல்லா அலுவலகங்களுக்கும் திடீரென்று ஆபத்து வரைபடம் தேவைப்பட்டது. கடற்கரைக்கு எப்படிப் படம் போடுவது என்று ஒரு கூட்டம் நடத்தி, முன்மாதிரி என்று எங்கள் ஓடைப் படத்தைத் திரையில் காட்டினார்கள். வசந்தமணி எழுந்து நின்றார். “கடலுக்கும் இதே மாதிரி வேட்டிக் கரை போடப் போறீங்களா? மணல்மேடு இருந்த ஊர்ல தண்ணி நின்னுருக்கும், மேட்ட வெட்டுன ஊர்ல உள்ள போயிருக்கும். கரைய நடந்து பாக்காம கோடு போடறவன் கையில பேனா குடுக்காதீங்க.” மேடையில் இருந்தவர் நன்றி மேடம், உட்காருங்கள் என்றார். அவர் உட்காரவில்லை. மைக்கை அணைத்தார்கள், அவர் குரலுக்கு மைக் தேவைப்படவில்லை. நானும் அந்த அரங்கில் இருந்தேன், அன்றும் என் வாய் திறக்கவில்லை.

அவரைக் கோபக்காரி என்று இரங்கல் கூட்டத்தில் ஒருவர் செல்லமாகச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கோபத்தைக் குணமாகச் சொல்லிவிட்டால் காரணத்தைப் பேச வேண்டாம் பாருங்கள்.

அவர் சாவுக்குக் காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. கூட்டத்துக்கு மறுநாள் நான் ராசம்மாள் வீட்டுக்குப் போனேன். அதே வரிசை, அதே முதல் வீடு. மேடம் இறந்துவிட்டார் என்றேன். “கேள்விப்பட்டனுங்க” என்று மட்டும் சொன்னார். அந்தக் கோட்டைப் போட்டது மேடம் இல்லை, நான்தான் என்றேன். அவர் போட்ட படத்தில் இந்த வீடு சிவப்பில் இருந்தது என்றும் சொன்னேன்.

கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கு நீங்களும் அங்கதான நின்னீங்க?”

“ஆமாங்க.”

“அந்தம்மா சந்தையில எதுக்க வந்தாக்கூட மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனேன். இத்தன வருசம். ஒரு வார்த்த சொல்லலியே அது.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் ஏதோ மன்னிப்பு என்று தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார். “அதெல்லாம் என்னத்துக்குங்க? எம் பேத்தி உள்ள தூங்கறா. மழை வரப்போவுது. அந்தக் கோட்ட மாத்துவீங்களா, மாட்டீங்களா?”

வசந்தமணி கேட்டதும் இதைத்தான். நினைவு என்று அவருடைய புகைப்படமோ பொருளோ நான் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கோபத்தை எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அது பழக்கமில்லாத சட்டை, தோளில் சரியாக உட்காரவில்லை. ஆனாலும் திங்கட்கிழமை அந்த அலுவலகம் திறக்கும்போது, ‘இந்த வரைபடம் தவறு, வரைந்தவன் நான், இதைத் திரும்பப் பெறுகிறேன்’ என்று எழுதிய கடிதத்தோடும் அவருடைய கிணற்றுப் புள்ளிகளோடும் வாசலில் நிற்பேன். வாங்கிக்கொள்ளாவிட்டால் செவ்வாய்க்கிழமையும் நிற்பேன்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தச் சுவரிலாவது, எந்த அறிக்கையிலாவது அந்தப் படத்தைப் பார்த்தால், பேனாவை எடுத்து வசந்தமணி பெயரை அடியுங்கள். பக்கத்தில் குமரேசன் என்று எழுதுங்கள். எல்லோருக்கும் தெரியும்படி, பெரிதாகவே எழுதுங்கள்.